திண்டுக்கல் சீமைக் கிளர்ச்சி (1800–1801): ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுவது ஏன்?

திண்டுக்கல் சீமைக் கிளர்ச்சி என்பது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு எதிராக 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் நடந்த எழுச்சியாகும். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் இதற்குத் தலைமை தாங்கினார். இன்றைய திண்டுக்கல் மாவட்டச் சமவெளியும் பழனி மலை அடிவாரமும் இதன் களங்கள். மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் நடத்திய தென்னிந்தியக் கிளர்ச்சியின் ஒரு பகுதியாகவே வரலாற்றாசிரியர்கள் இதைக் கருதுகின்றனர். பள்ளிப் பாடநூல்களில் 'திண்டுக்கல் கூட்டமைப்பு' என்ற பெயரில் சில வரிகளில் இது முடிந்துவிடுகிறது.

முடியாட்சிக்கு எதிராக மக்கள் புரட்சி ஏன் வெடிக்கிறது என்ற வினாவுக்கு மாணவர்கள் வழக்கமாக எழுதும் விடை வரிச்சுமை, வறுமை, கொடுங்கோன்மை என்பதாகும். அது தவறான விடை அல்ல. ஆனால் இம்மூன்றும் திண்டுக்கல் சீமையில் 1800-க்கு முன்பே பல தலைமுறைகளாக இருந்தவை. அப்போதெல்லாம் பாளையக்காரர்கள் தனித்தனியாகச் சண்டையிட்டனர், அல்லது பணிந்தனர். பல ஊர்களும் பல பாளையங்களும் ஒன்றுசேர்ந்து எழவில்லை. அதே சுமையை முன்பு தாங்கிய மக்கள் 1800-இல் ஏன் தாங்கவில்லை என்பதே இக்கிளர்ச்சியைப் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பெனி ஒரு வணிக நிறுவனம். அதை முடியாட்சி என்று சொல்லலாமா என்ற ஐயம் எழலாம். திண்டுக்கல் குடியானவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மதுரை நாயக்கரும் மைசூர் சுல்தானும் உட்கார்ந்த இடத்தில் கம்பெனி உட்கார்ந்தது. வரி வாங்கியது, தண்டனை கொடுத்தது, படை வைத்திருந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஆர்க்காடு நவாபின் பெயரிலேயே அது வரி தண்டியது. எனவே ஒரு மன்னராட்சிக்கு எதிராக என்னென்ன காரணங்களால் மக்கள் எழுவார்களோ, அவை இங்கும் பொருந்தும்.

அடிக்கடி மாறிய கொடி

திண்டுக்கல் மலைக்கோட்டை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்களால் கட்டப்பட்டது. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு வரும் வழியை இக்கோட்டை காத்தது. அதனாலேயே மதுரையைப் பிடிக்க விரும்பிய எவரும் முதலில் இதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்தது. 1740-களில் மைசூர்ப் படை வந்தது. 1755-இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜுதாராக அனுப்பப்பட்டார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவரது எழுச்சி இக்கோட்டையிலிருந்துதான் தொடங்கியது. 1767-இல் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது, அடுத்த ஆண்டே இழந்தது. 1783-இல் மீண்டும் பிடித்து 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது. 1790-இல் மறுபடியும் பிடித்தது. 1792-இல் சீரங்கப்பட்டினம் உடன்படிக்கையால் சீமை முழுவதும் கம்பெனிக்கு நிலையாகச் சொந்தமாயிற்று.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை முறை கொடி மாறியதைக் கண்ட ஒருவருக்கு எந்த ஆட்சியும் நிலையானதாகத் தோன்றியிருக்காது. இன்று கோட்டையில் இருப்பவர் நாளை இருக்கமாட்டார் என்பது கண்கூடான அனுபவம். வெல்ல முடியாது என்று நினைக்கும் ஆட்சியை எதிர்த்து மக்கள் எளிதில் எழுவதில்லை. அந்த எண்ணம் திண்டுக்கல்லில் இன்னும் வேரூன்றவில்லை.

பாளையமும் குடியும்

மதுரை நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது மரபு. திண்டுக்கல் சீமையில் 26 பாளையங்கள் இருந்தன. விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையக்கோட்டை, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, எரியோடு, போடிநாயக்கனூர் முதலியவை அவற்றுள் சில. பாளையக்காரர் தம் பகுதியில் வரி தண்டுவார், வழக்குத் தீர்ப்பார், ஆட்களைத் திரட்டிப் படை வைத்திருப்பார், மேலே உள்ள அரசுக்குப் பேஷ்குஷ் எனப்படும் கப்பம் கட்டுவார்.

அவருக்கு வேறொரு கடமையும் இருந்தது. அது காவல். ஊர்க்காவலைத் தலக்காவல் என்றும் பெரும்பகுதிக்கான காவலைத் திசைக்காவல் என்றும் அழைத்தனர். இதற்காகக் குடிகள் தனியே காவல் வரி கொடுத்தனர். ஒருவரது மாடு திருட்டுப்போனால் காவல்காரர் அதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இல்லையென்றால் விலையைக் கொடுக்க வேண்டும். காவல்காரர்களே திருடிய கதைகளுக்கும் குறைவில்லை. ஆயினும் வாங்கிய பணத்துக்கு ஈடாக ஒன்று தரப்படும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஏற்பாட்டில் இருந்தது.

திண்டுக்கல் சமவெளி வளமான ஆற்றுப்படுகை அல்ல. பழனி மலை, சிறுமலை, கரந்தமலை ஆகியவற்றுக்கு இடையே பரந்த செம்மண் நிலம். குடகனாறும் மருதாநதியும் மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் மணல்தான். குளமும் கிணறும் உள்ள இடத்தில் நெல். மற்ற இடங்களில் சோளம், கம்பு, வரகு, சாமை போன்ற புன்செய்ப் பயிர்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. இத்தகைய நிலத்தில் எவ்வளவு வரி என்பதைவிட, விளையாத ஆண்டில் அந்த வரி என்ன ஆகும் என்பதே முதன்மையான கேள்வி.

பழைய ஏற்பாட்டில் இதற்கு ஒரு விடை இருந்தது. மழை இல்லாத ஆண்டில் நாட்டார்களும் மணியக்காரரும் பாளையக்காரரிடம் சென்று பேசுவர். ஒரு பகுதி தள்ளுபடியாகும், ஒரு பகுதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இது பாளையக்காரரின் கருணையால் மட்டும் நடந்ததன்று. அக்காலத்தில் நிலம் ஏராளம், உழுவதற்கு ஆட்கள்தான் குறைவு. நெருக்கினால் குடிகள் மாட்டையும் கலப்பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த பாளையத்துக்குப் போய்விடுவர். அங்குள்ளவர் தரிசு நிலத்தைக் கொடுத்து, முதல் சில ஆண்டுகளுக்கு வரியும் குறைத்து வரவேற்பார். குடி பெயர்ந்த ஊரில் வரிக்கும் ஆளில்லை, படைக்கும் ஆளில்லை. எளிய குடியானவரிடம் இருந்த ஒரே ஆயுதம் இதுதான்.

பாளையக்காரருக்கும் அதேபோல ஓர் ஆயுதம் இருந்தது. நவாபு நெருக்கினால் மைசூரை நாடலாம். மைசூர் நெருக்கினால் நவாபையோ கம்பெனியையோ நாடலாம். 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின், அரசி வேலு நாச்சியார் விருப்பாட்சிக்கு வந்து தஞ்சம் புகுந்ததும், ஐதர் அலியின் உதவியுடன் 1780-இல் சிவகங்கையை மீட்டதும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் சுமார் எட்டு ஆண்டுகள் தங்கியிருந்தது இந்தத் திண்டுக்கல் சீமையில்தான்.

மைசூர் ஆட்சியும் இலேசானதன்று. ஐதர், திப்பு காலத்தில் கப்பம் உயர்த்தப்பட்டது. பாக்கிக்காகப் பாளையங்கள் பறிக்கப்பட்டன. பழைய ஆட்சியைப் பொற்காலமாகக் காட்டும் எழுத்துகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஆனால் அப்போது பேசவும் ஓர் இடம் இருந்தது, பெயர்ந்து போகவும் ஓர் இடம் இருந்தது.

கம்பெனியின் கணக்கு

1792-க்குப் பின் முதலில் மாறியது கணக்கு. கம்பெனிக்கு ஆண்டுதோறும் உறுதியான தொகை தேவைப்பட்டது. மைசூர்ப் போர்களின் செலவு ஒருபுறம், இலண்டனுக்குக் காட்ட வேண்டிய வரவு மறுபுறம். கிஸ்தித் தேதிக்குள் பணம் வராவிட்டால் ஜப்தி என்ற முறை கண்டிப்பானது. 1796-இல் பொறுப்பேற்ற கலெக்டர் தாமஸ் போயர் ஹர்டிஸ் காலத்தில் திண்டுக்கல் சீமை முழுவதும் நிலம் அளக்கப்பட்டு வயலுக்கு வயல் தீர்வை குறிக்கப்பட்டது. தென் தமிழகத்தில் ஆங்கிலேயர் செய்த தொடக்ககால நில அளவைகளில் இதுவும் ஒன்று.

நில அளவை தீமையான செயல் அல்ல. பல இடங்களில் ஊர்ப் பெருந்தனக்காரர்கள் மறைத்து வைத்திருந்த நிலத்தை அது வெளிக்கொணர்ந்தது. ஆனால் அளவை முடிந்தபின் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. ஏட்டில் எழுதிய தொகையே தொகை. மழை பெய்ததா என்பது ஏட்டில் இல்லை. முன்பு ஊரைத் தெரிந்த பாளையக்காரர் முடிவு செய்ததை இப்போது ஊரைத் தெரியாத கச்சேரி முடிவு செய்தது. பாளையக்காரரின் காவல் உரிமையையும் கம்பெனி குறைக்கத் தொடங்கியது. காவலை நம்பிப் பிழைத்த ஏராளமான ஆயுதம் தாங்கிய ஆட்கள் வேலையின்றி நின்றனர். கிளர்ச்சி தொடங்கியபோது ஆள் திரட்டுவது கடினமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வாறு ஒரே நேரத்தில் மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் இழப்புக்கு உள்ளாயினர். இது கவனிக்கத்தக்கது. குடிகள் மட்டும் துன்புற்றால் தலைமை கிடைப்பதில்லை. பாளையக்காரர் மட்டும் துன்புற்றால் அது அரண்மனைச் சண்டையாக முடியும்.

கதவு அடைபட்ட ஆண்டு

1799 மே 4-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். கோயம்புத்தூர்ச் சீமையும் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

திண்டுக்கல்லைப் பொறுத்தவரை இதன் பொருள் மிகப் பெரிது. வடமேற்கே தாராபுரம், கோயம்புத்தூர், கிழக்கே மணப்பாறை, திருச்சிராப்பள்ளி, தெற்கே மதுரை. எந்தத் திசையில் போனாலும் வரி கேட்பவர் ஒருவரே. குடி பெயர்ந்தாலும் அதே தீர்வைதான். பாளையக்காரர் வேறு அரசரை நாட விரும்பினாலும் நாடுவதற்கு அரசர் இல்லை. திப்புவுடன் தூது வழியே உறவு வைத்திருந்த கோபால் நாயக்கருக்கு இருந்த கடைசித் துணையும் போயிற்று.

சுமை கூடியதால் மட்டும் கிளர்ச்சி வெடித்திருந்தால், 1792-க்குப் பின் உடனே வெடித்திருக்க வேண்டும். 1800 வரை அது காத்திருந்தது. ஒதுங்கிக்கொள்ளும் வழி இருந்தவரை ஒதுங்கினர். அது அடைபட்டபோது எதிர்த்தனர். இதைத் திப்புவின் மரணத்தோடு மட்டும் முடிச்சுப்போடுவது ஒருபக்கப் பார்வை என்று சிலர் கருதலாம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது ஏற்படுத்திய சினமும் உண்டு. ஆனால் சினத்தை நெடுநாள் அடக்கி வைக்கலாம். போக்கிடம் இல்லாமையை அப்படிச் செய்ய இயலாது.

எழுச்சி

இன்று விருப்பாட்சி என்றால் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது மலைவாழைப்பழம்தான். ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையே, மலையின் காலடியில் உள்ள சிற்றூர் அது. பின்னால் காடும் மலையும், முன்னால் கொங்கு நாட்டுக்குச் செல்லும் பாதை. மறைவாகக் கூடவும் விரைவாகக் கலையவும் ஏற்ற இடம்.

கோபால் நாயக்கர் அமைத்த கூட்டமைப்பில் மணப்பாறையின் இலட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டியின் பூசை நாயக்கர் முதலியோர் இருந்தனர். 1800 ஏப்ரல் இறுதியில் விருப்பாட்சியில் பல பகுதித் தலைவர்கள் கூடினர். ஜூன் 3-இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று முடிவாயிற்று. அது முகரம் நாட்களாதலால் கோட்டைக்குள் காவல் தளர்ந்திருக்கும் என்பது எண்ணம். கன்னட நாட்டில் போரிட்டுக்கொண்டிருந்த தூந்தாஜி வாக்கின் படையுடன் இணைவதும் திட்டத்தின் பகுதி. செய்தி முன்னதாகவே கம்பெனிக்குத் தெரிந்துவிட்டதால் தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படை தூந்தாஜியைக் கொன்றது.

இத்துடன் அடங்கியிருக்க வேண்டிய கிளர்ச்சி அடங்கவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. சம்பளத்துக்கு வந்த கூலிகளால் அந்த வேகத்தில் மண்கோட்டை கட்ட இயலாது. திண்டுக்கல், ஆனைமலைப் பகுதிகளில் கோபால் நாயக்கருக்கு உழவர்கள் ஆதரவு தந்தனர். ஜூன் 16-இல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது.

அவ்வறிக்கை எல்லாச் சாதியினரையும் முஸ்லிம்களையும் சேர்த்து அழைக்கிறது. ஐரோப்பியருக்கு இடம்கொடுத்தவர் என்று நவாபையே முதலில் குறைகூறுகிறது. ஆயினும் மன்னர்களே வேண்டாம் என்று அது சொல்லவில்லை; பழைய வழக்கப்படி அவரவர் உரிமை அவரவர்க்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

மக்கள் எழுச்சியா, பாளையக்காரர் போரா

ஆங்கிலேய ஆவணங்கள் இதைப் பாளையக்காரர் போர் என்றே குறிக்கின்றன. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் இதைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்றும் முதல் விடுதலைப்போர் என்றும் அழைத்தார். தலைவர்களை மட்டும் பார்த்தால் முன்னது சரி. உணவும் செய்தியும் மறைவிடமும் தந்தவர்களைப் பார்த்தால் பின்னது சரி. ஆனால் இவர்கள் வேண்டியது புதிய ஆட்சிமுறை அல்ல, இழந்த ஏற்பாடு. அந்த வகையில் புரட்சி என்ற சொல்லைவிடக் கிளர்ச்சி என்ற சொல்லே இதற்குப் பொருந்துகிறது. இழந்ததை மீட்க எழுந்தவர்கள் புதியதைக் கேட்டு எழுந்தவர்களைவிட அச்சம் குறைந்தவர்கள் என்று கொள்ளக் காரணமில்லை.

பாளையக்காரர் எல்லோரும் சேரவும் இல்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனியின் பக்கம் நின்றார். அவரது அரசு 1948 வரை நீடித்தது. அந்த அரசிலும் 1931-இல் வரி உயர்வை எதிர்த்து நகர மக்கள் கலகம் செய்தனர். அரசர் அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். மக்களின் கோபம் அவர் பெயரால் நடந்த நிர்வாகத்தின் மீது.

பிற நாட்டுப் புரட்சிகளிலும் இதே கூறுகளைக் காணலாம். பிரான்சில் 1788-இல் விளைச்சல் கெட்டது. ஆனால் 1614-க்குப் பின் கூட்டப்படாத மூன்று வகுப்பார் சபையை 1789-இல் கூட்டி, குறைகளை எழுதித் தரச் சொல்லி, பின் அவற்றைக் கேட்க மறுத்ததே அரசரின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தது. 1905 ஜனவரி 22-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் ஜார் மன்னரின் படத்தை ஏந்தியே மனுக் கொடுக்கச் சென்றனர். அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 'நம் தந்தைக்குத் தெரிந்தால் தீர்த்துவிடுவார்' என்று நம்பிய மக்கள் அன்றே மாறினர். நேபாளத்தில் மன்னர் ஞானேந்திரா 2005 பிப்ரவரியில் ஆட்சி முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஓராண்டில், 2006 ஏப்ரலில், மக்கள் தெருவுக்கு வந்தனர். 2008 மே 28-இல் முடியாட்சியே ஒழிந்தது. மூன்றிலும் வறுமை முன்பே இருந்தது. முறையிடும் வழி மூடப்பட்டதுதான் புதிது. திண்டுக்கல்லில் அதனோடு குடிபெயரும் வழியும் மூடப்பட்டது.

அடக்கப்பட்ட பின்

1801 அக்டோபர் 1-இல் காளையார்கோவில் வீழ்ந்தது. 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். விருப்பாட்சியை நோக்கி லெப்டினன்ட் கர்னல் இன்னிஸ் தலைமையில் படை அனுப்பப்பட்டது. திண்டுக்கல் பக்கம் வந்த ஊமைத்துரை வத்தலக்குண்டில் பிடிபட்டு, நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். கோபால் நாயக்கரும் அதே ஆண்டில் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அவர் தூக்கிலிடப்பட்ட இடத்தருகே உள்ள குளமே அவர் பெயரால் கோபாலசமுத்திரம் என்று வழங்குகிறது என்பது ஊர் வழக்கு. விருப்பாட்சியில் இப்போது அவருக்கு அரசு மணிமண்டபம் உள்ளது. 1802 பிப்ரவரியில் கிளர்ச்சியாளர் 73 பேர் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். மக்கள் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது.

விருப்பாட்சிப் பாளையம் பறிக்கப்பட்டது. கன்னிவாடி, அம்மையநாயக்கனூர், இடையக்கோட்டை போன்றவை ஜமீன்களாயின. கம்பெனி நேரடியாக வைத்திருந்த திண்டுக்கல் நிலங்கள் சிறு சிறு மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர்களிடம் கேட்கப்பட்டதும் ஏட்டில் எழுதிய அதே மாறாத தொகைதான். மழை தவறியபோது அவர்களாலும் கட்ட முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் மிட்டாக்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனியிடமே திரும்பின. அதன்பின் கலெக்டர் கச்சேரி குடியானவருடன் நேரடியாக, ஆண்டுக்கு ஆண்டு தீர்வை பேச வேண்டியதாயிற்று.